ஜெராம் எப்படி ஜரொம் ஆகிறது?

சில ஆண்டுகளுக்கு முந்தைய எஃப்எஃப்எம்பெக் நிரலிடம் ஒரு காணொளியைக் கொடுத்து, படத்தின் அடியில் 'ஜெராம்' என்று பதிக்கச் சொல்லுங்கள். அது ஒரு குறையும் சொல்லாமல் வேலையை முடித்துவிடும். படத்தை ஓட்டிப் பார்த்தால் அடியில் 'ஜரொம்' என்று இருக்கும்.

கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலா சிலாங்கூர் போகும் சாலையில் உள்ள கடலோர ஊர் ஜெராம். மீனுக்கும் நண்டுக்கும் பேர்போனது. உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரை தோட்டங்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917இல் இந்த மாவட்டத்தின் தென்னமரம் எஸ்டேட்டில்தான் உருவானது. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று நகரங்களில் இருக்கிறார்கள். கோயில் திருவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், மறைந்த பெரியவரின் நினைவுநாள் என்று அவர்கள் எடுக்கும் காணொளிகளில் தோட்டத்தின் பெயரும் தாத்தாவின் பெயரும் தமிழில் வர வேண்டும். பல தோட்டங்கள் இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. அவற்றின் பெயர் எழுத்தில் மட்டுமே மிஞ்சப்போகிறது என்றால், அந்த எழுத்தாவது பிழையில்லாமல் இருக்க வேண்டாமா?

பிழை எங்கே நுழைகிறது என்று முதலில் பார்ப்போம்.

'ஜெராம்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினி அதை ஆறு குறிகளாகச் சேமிக்கிறது: ஜ, ஒற்றைக்கொம்பு, ர, கால், ம, புள்ளி. வரிசையைக் கவனியுங்கள். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு அதன்பிறகு ஜகரத்தை எழுதுகிறோம். கணினியோ ஒலிக்கும் முறைப்படி மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைத்திருக்கிறது. திரையில் வரையும்போது யாராவது அந்தக் கொம்பை எடுத்து ஜகரத்துக்கு இடப்புறம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஜகரம் தனியாக நிற்கும். கொம்பு அடுத்து வரும் ரகரத்தின் இடப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ரகரத்தின் வலப்பக்கம் ஏற்கெனவே கால் இருக்கிறது. கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் ரகரத்தை எந்தத் தமிழ்க் கண்ணும் 'ரொ' என்றுதான் படிக்கும். தென்னமரம் என்ற பெயரில் கொம்பு தகரத்தை விட்டு னகரத்துக்குத் தாவும். அந்த னகரத்துக்குப் புள்ளியும் உண்டு என்பதால் படிக்கவே முடியாத ஓர் உரு கிடைக்கும். சிலாங்கூரில் இன்னொரு வகைச் சேதம். 'கூ' ஒரே வடிவமாகச் சேராமல், ககரம் ஒரு பக்கமும் ஊகாரக் குறி ஒரு பக்கமுமாக நிற்கும்.

இந்த ஒலிவரிசையைத் தேர்ந்தெடுத்தது யூனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பு, இந்திய மொழிகளுக்கு 1988இல் வந்த இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. தாய்லாந்து மொழிக்கு வேறு வழி. அங்கேயும் மெய்க்கு இடப்புறம் எழுதப்படும் உயிர்க்குறிகள் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கிறார்கள். அதனால் எதையும் இடம் மாற்றத் தெரியாத எளிய நிரல்கூடத் தாய் மொழியில் அந்தக் குறிகளைச் சரியான பக்கத்தில் போட்டுவிடும்.

தமிழிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து இணையம் பரவிய தொண்ணூறுகள் வரை, நம்மவர்கள் 8 பிட் எழுத்துருக்களை வைத்தே தமிழை நடத்தினார்கள். பின்னால் வந்த டிஸ்கி, டேப் குறியாக்கங்களில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். எந்த ஆங்கில மென்பொருளிலும் எழுத்துருவை மாற்றினால் போதும், தமிழ் ஒழுங்காக வரும். 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோது எந்தக் குறியாக்கம் வேண்டும் என்ற வாதம் ஓயவில்லை. யூனிகோடு வென்றது நல்லது என்றே நான் கருதுகிறேன். தேடல், அகரவரிசை, பேச்சாக மாற்றுதல் எல்லாம் ஒலிவரிசையில் எளிதாகின்றன. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முன்பு எழுத்துரு செய்த வேலையை இனி ஒவ்வொரு மென்பொருளும் செய்தாக வேண்டும்.

அந்த வேலையைச் செய்யும் நூலகத்தின் பெயர் ஹார்ஃப்பஸ். பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியப் பொறியாளர் முன்னின்று வளர்த்த கட்டற்ற மென்பொருள். குறிகளின் வரிசையையும் எழுத்துருவையும் வாங்கிக்கொண்டு, எந்த வடிவத்தை எங்கே வைக்க வேண்டும் என்று திருப்பிச் சொல்வதுதான் அதன் தொழில். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் இதை நம்பியே தமிழ் காட்டுகின்றன. அப்படியானால் காணொளி நிரலில் மட்டும் ஏன் தவறுகிறது? அந்த நிரல் கட்டப்பட்டபோது அதற்குள் ஹார்ஃப்பஸ் சேர்க்கப்படவில்லை.

'கட்டப்பட்டபோது' என்று சொன்னதை விளக்க வேண்டும். நாம் பதிவிறக்கி நிறுவும் எந்த மென்பொருளும் முதலில் மூலநிரலாக இருந்தது. யாரோ ஒருவர் தம் கணினியில் அதை இயங்கும் வடிவத்துக்கு மாற்றி, பொதியாகக் கட்டி நமக்குத் தருகிறார். கட்டும்போது சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: இந்த வசதி வேண்டுமா, அந்த நூலகத்தோடு இணைக்கலாமா, எந்த உரிமத்தின் கீழ்? யாரும் பதில் சொல்லாவிட்டால், எழுதியவர் முன்கூட்டியே வைத்திருக்கும் பதிலே நிற்கும். அதுதான் இயல்பமைப்பு. ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக்கில் இப்படிப்பட்ட கேள்விகள் நூற்றுக்கணக்கில் உண்டு; ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல ஒரு விசை. வெளி நூலகங்களில் பெரும்பாலானவை, வெளிப்படையாகக் கேட்டால் ஒழியச் சேராது.

ஏன் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடக் கூடாது? காரணங்கள் நியாயமானவை. ஒவ்வொரு நூலகமும் தன்னோடு வேறு நூலகங்களை இழுத்து வரும், பொதி பெருக்கும், ஓட்டை விழ இன்னொரு இடம் கூடும். உரிமச் சிக்கலும் உண்டு. எஃப்எஃப்எம்பெக்கின் பெரும்பகுதி எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. எக்ஸ்264 என்ற காணொளி நூலகம் வேண்டுமென்றால் ஜிபிஎல் உரிமத்துக்கு ஒப்புக்கொள்ளும் விசையையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். எஃப்டிகே ஏஏசி என்ற ஒலி நூலகத்தையும் அதோடு சேர்த்தால் கட்டிய நிரலை நீங்கள் பயன்படுத்தலாம், பிறருக்குக் கொடுக்க முடியாது. கட்டுபவருக்கு இத்தனை கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் தமிழ்க் கொம்பு இடம்பெறாமல் போனதற்குப் பகை காரணமில்லை. லத்தீன் எழுத்துக்கு இடமாற்றம் தேவையில்லை, சோதித்துப் பார்த்தவர் கண்ணில் எதுவும் உறுத்தவில்லை. ஆகவே இயல்பமைப்பு என்பது இயற்கை விதி கிடையாது. ஒரு மனிதர் தம் தேவையை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. உங்கள் தேவை வேறென்றால் அதை மாற்ற உங்களுக்கு வழி விடப்பட்டிருக்கிறது. மூலநிரலைத் திறந்து வைத்ததன் முழுப் பொருளும் அதுதான்.

மாற்றுவதற்கு முன் கையிலிருப்பது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். எழுத்துருவைக் குறை சொல்லி, பத்து எழுத்துருக்களை மாற்றிப் பார்த்து, கடைசியில் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் போட்டுவிடுகிறார்கள். எஃப்எஃப்எம்பெக்கைப் பதிப்பெண் கேட்டு ஓட்டினால், எந்த விசைகளோடு கட்டப்பட்டது என்ற முழு வரியையும் அதுவே காட்டும். அதில் ஹார்ஃப்பஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். படங்களில் எழுத்துப் பதிக்கும் இமேஜ்மேஜிக்கிடம் இதே கேள்வியைக் கேட்டால், துணை நூலகங்களின் பட்டியலைத் தரும். அதில் ராக்ம் என்ற பெயர் இருக்க வேண்டும். ராக்ம் என்பது ஹார்ஃப்பஸையும், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான ஃபிரிபிடியையும் சேர்த்து எளிமையாக்கித் தரும் சிறு நூலகம். ஓமான் நாட்டின் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று உருவாக்கியது. பைதானில் படவேலை செய்யும் பில்லோவிலும் 'ராக்ம் உண்டா' என்று ஒரே வரியில் கேட்கலாம். 'இல்லை' என்று பதில் வந்தால், அது பேசாமல் அடிப்படை வரைமுறைக்கு இறங்கி, குறிகளைச் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். பிழைச்செய்தி வராது. கணினியைப் பொறுத்தவரை 'ஜரொம்' ஒரு வெற்றி.

இனி மாற்றும் வழிகள். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது மூலநிரலை இறக்கி, வேண்டிய விசைகளைத் திருப்பி, கையாலேயே கட்டிவிடுவது. இது வேலை செய்யும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் நாள்பட்ட பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிக் கட்டிய நிரலைப் பற்றி இயங்குதளத்துக்கு ஒன்றும் தெரியாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அதற்குப் போய்ச் சேராது. என்னென்ன விசை திருப்பினோம் என்பது ஆறு மாதம் கழித்து நமக்கே நினைவிருக்காது. கணினி மாறினால் எல்லாம் முதலிலிருந்து.

இதற்கு மேலான வழி, பொதியைக் கட்டியவரின் செய்முறையை அப்படியே எடுத்து, வேண்டிய ஒரு வரியை மட்டும் மாற்றுவது. ஜெராம் பக்கத்து மூத்தவர்களுக்கு இதன் தத்துவம் நன்றாகத் தெரியும். பால்மரத்தில் ஒட்டுக் கட்டும்போது விதையிலிருந்து வளர்ந்த கன்றின் வேரை விட்டுவைத்து, மேலே மட்டும் ஆர்.ஆர்.ஐ.எம் 600 போன்ற நல்ல இனத்தின் மொட்டை ஏற்றுவார்கள். வேர் மண்ணிலிருந்து எடுப்பதை எடுத்துக்கொண்டே இருக்கும். பால் தருவது நாம் தேர்ந்த இனம்.

டெபியன், உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இப்படி நடக்கும். ஒரு கட்டளையில் பொதியின் மூலத்தை இறக்கலாம். இன்னொன்றில் அதைக் கட்டத் தேவையான கருவிகளை எல்லாம் வரவழைக்கலாம். இறங்கிய அடைவுக்குள் 'டெபியன்' என்றொரு கோப்புறை, அதில் 'ரூல்ஸ்' என்றொரு கோப்பு. கட்டும் விசைகள் அங்கே இருக்கின்றன. ஒன்றைச் சேர்த்து, பதிப்பெண்ணின் வாலில் உள்ளூர்க் கட்டு என்று அடையாளம் காட்டும் ஓர் ஒட்டைப் போட்டு, மறுபடி கட்டினால் ஒழுங்கான பொதி கிடைக்கும். அந்த வாலை மறந்துவிடாதீர்கள். உங்கள் கட்டு எது, டெபியனின் கட்டு எது என்று பிரித்துச் சொல்ல வேறு அடையாளம் இல்லை. அடுத்த புதுப்பிப்பு உங்கள் பொதியை மூடிவிடாமல் இருக்க அதைப் பிடித்துவைக்கவும் கட்டளை உண்டு. பிடித்துவைத்தால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களைக் கண்காணிப்பதும் உங்கள் பொறுப்பு.

ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பில் கட்டும் முன்பே தெரிவுப்பெட்டிகள் வரும். வேண்டியதைக் குறியிட்டால் போதும், அடுத்த முறைக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஜென்டூ லினக்ஸ் ஒரு படி மேலே போய், 'யூஸ் கொடிகள்' என்ற பெயரில் இந்தத் தெரிவுகளையே முழு அமைப்பின் அடித்தளமாக்கிவிட்டது. ஹார்ஃப்பஸ் எங்கெல்லாம் கிடைக்குமோ அங்கெல்லாம் சேர் என்று ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நிக்ஸ் என்ற பொதி மேலாளர். 2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா தொடங்கிய ஆய்வு இது. இங்கே ஒவ்வொரு பொதியின் செய்முறையும் ஒரு கணிதச் சார்பு போன்றது. மூலநிரல், துணை நூலகங்கள், விசைகள் எல்லாம் அதற்குள் போகும் உள்ளீடுகள். அந்த உள்ளீடுகள் அனைத்தையும் பிசைந்து 32 எழுத்துக் குறியீடு ஒன்றை உருவாக்கி, பொதி நிறுவப்படும் இடத்தின் பெயரிலேயே சேர்த்துவிடுவார்கள். ஒரு விசையைத் திருப்பினால் குறியீடு மாறும், இடமும் மாறும். ஹார்ஃப்பஸ் சேர்ந்த எஃப்எஃப்எம்பெக்கும் சேராததும் ஒரே கணினியில் ஒன்றை ஒன்று தொடாமல் வாழும். மாற்றத்தை எழுத இரண்டு மூன்று வரிகள் போதும். 'ஓவர்ரைடு' என்பதே அந்தச் சார்பின் பெயர். அந்த வரிகளைக் கோப்பில் வைத்து நண்பருக்கு அனுப்பினால் அவர் கணினியிலும் அதே நிரல் கட்டப்படும். நினைவை நம்பியிருந்த வேலை ஏட்டுக்கு வந்துவிடுகிறது. இதற்கும் விலை உண்டு. இயல்பமைப்பில் உள்ள பொதிகளை நிக்ஸ் தன் சேமிப்பகத்திலிருந்து கட்டிய நிலையிலேயே இறக்கித் தரும். நீங்கள் மாற்றியது அங்கே இருக்காது, உங்கள் கணினியே உட்கார்ந்து கட்ட வேண்டும். எஃப்எஃப்எம்பெக் போன்ற பொதிக்கு அது சிறிய நேரமில்லை.

விசையைத் திருப்புவதும் நிரலின் வரிகளையே திருத்துவதும் வேறு வேறு. முதலாவது, எழுதியவர் எதிர்பார்த்துத் திறந்து வைத்த கதவு. இரண்டாவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2006இல் டெபியன், ரகசியச் சாவிகளை உருவாக்கும் தன் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு சிறு திருத்தம் செய்தது. சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நீக்குவதே நோக்கம். அந்தத் திருத்தம், கணிக்க முடியாத எண்களை உருவாக்குவதற்கான மூலப்பொருளையே வெட்டிவிட்டது. மிஞ்சியது நிரல் ஓடும்போது கிடைக்கும் செயல் எண் மட்டும். வழக்கமான அமைப்பில் அதன் உச்சம் 32,768. இரண்டு ஆண்டுகள் டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான ரகசியச் சாவிகள் அந்தச் சிறிய எல்லைக்குள் அடங்கியவை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, உலகெங்கும் சாவிகளைத் தூக்கி எறிந்து புதிதாகச் செய்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம்தான் அது. என்ன மாற்றுகிறோம், எதற்காக என்பதை மாற்றும் கோப்பிலேயே எழுதிவையுங்கள். விசை இருக்குமிடத்தில் வரியைத் தொடாதீர்கள்.

நம் சிக்கலுக்குத் திரும்பினால், எஃப்எஃப்எம்பெக்கின் பழைய பதிப்புகளில் வெறும் விசை போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நேரடியாக எழுத்துப் பதிக்கும் 'டிராடெக்ஸ்ட்' வடிகட்டிக்கு அப்போது ஹார்ஃப்பஸைப் பயன்படுத்தவே தெரியாது. அக்காலத்தில் தமிழுக்கு இருந்த வழி வசனவரிகளுக்கான லிப்ஆஸ் நூலகம். அதற்கு ஹார்ஃப்பஸ் தெரியும். ஊர்ப்பெயரை வசனவரிக் கோப்பாக எழுதி, லிப்ஆஸ் சேர்த்துக் கட்டிய நிரலால் படத்தின் மேல் பதித்தால் ஜெராம் ஜெராமாகவே வரும். உபுண்டு 22.04இல் உள்ள 4.4 பதிப்புக்கும், டெபியன் 12இல் உள்ள 5.1 பதிப்புக்கும் இன்றும் அதுவே சுருக்கமான தீர்வு.

2023 இறுதியில் வந்த 6.1 பதிப்பில் நிலைமை மாறியது. டிராடெக்ஸ்ட் வடிகட்டி ஹார்ஃப்பஸைக் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கியது. விசையைத் திருப்பாமல் கட்டினால் அந்த வடிகட்டியே நிரலில் இருக்காது; பயன்படுத்தப் போனால் 'அப்படி ஒரு வடிகட்டி இல்லை' என்று சொல்லிவிடும். பழைய செய்முறையை வைத்திருந்த பலருக்கு இது திடீர்த் தொல்லையாக இருந்தது. எனக்கோ இது பெரிய முன்னேற்றம். தப்பாக எழுதுவதைவிட எழுத மறுக்கும் நிரல் எவ்வளவோ மேல். மறுத்தால் காரணம் தேடுவோம், செய்முறையைத் திருத்துவோம். தப்பாக எழுதினால் அது நினைவுநாள் படத்தோடு ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

பில்லோவும் இதே திசையில் நடந்தது. 2017இல் வந்த 4.2 பதிப்பில் ராக்மை ஏற்கும் வசதி சேர்ந்தது. ஆனால் அதை வைத்துக் கட்டிக்கொள்வது பயனர் பாடு. 2021 ஏப்ரலில் வந்த 8.2 முதல், கட்டிய நிலையில் இறங்கும் பொதிகளிலேயே ராக்ம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு கண்ணி மிச்சம். ஃபிரிபிடியை அந்தப் பொதி தன்னோடு கொண்டுவராமல், ஓடும்போது இயங்குதளத்தில் தேடியது. தேவையற்றதை எல்லாம் களைந்த சிறிய சர்வர் அமைப்பில் அது இல்லாவிட்டால் எழுத்து பழையபடி உடையும். சொந்தக் கணினியில் சரியாக வந்த தமிழ் சர்வரில் உடைகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் நம் ஒரு கணினியைத்தான் சரிசெய்கிறது. இயல்பமைப்பு மாறினால் அந்த விசையின் பெயரே தெரியாதவருக்கும் சரியாக வரும். ஆகவே உங்கள் வேலை முடிந்ததும் நின்றுவிடாதீர்கள். பொதியைக் கட்டுபவருக்கு எழுதுங்கள். எந்த விசை விடுபட்டது, அதனால் தமிழ் எப்படி உடைகிறது என்பதை இரண்டு படங்களோடு காட்டுங்கள். ஒன்று பிழையானது, ஒன்று சரியானது. தமிழ் தெரியாத பொறியாளருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தானாகத் தெரியாது, நாம்தான் காட்ட வேண்டும். பெயரிடப்பட்ட நூலகம், ஒரே ஒரு விசை, கண்ணால் பார்க்கும் சான்று மூன்றும் உள்ள கோரிக்கையைப் பொதி பராமரிப்பவர்கள் எளிதில் ஒதுக்கமாட்டார்கள். சோதனைச் சொல் தேவைப்பட்டால் ஜெராம் என்ற பெயரையே கொடுங்கள்.